நோயாளி அழுதார், நர்ஸ் ‘வெரி குட்’ என்றார்

போன வாரம் என்னிடம் ஆங்கிலம் பேசப் பழக வந்த பெண் ஐ.சி.யு.வில் ஆறு வருடம் வேலை பார்த்த நர்ஸ். பிரிட்டன் போவதற்கான ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில், பேச்சுப் பகுதியில் மட்டும் இரண்டு முறை ‘பி’ கிரேடு கிடைக்கவில்லை. கையில் ஒரு நீள நோட்டு. உள்ளே நூற்றுச் சொச்சம் உரையாடல்கள், முத்து முத்தான கையெழுத்தில். அத்தனையும் மனப்பாடம்.

சரி, பார்ப்போம் என்று நான் நோயாளியாக உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது சிஸ்டர், எங்க அம்மா இதே ஆபரேஷனில்தான் போனாங்க என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“வெரி குட். எனி அலர்ஜீஸ்?”

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். வார்டில் யாராவது தமிழில் இப்படிச் சொல்லியிருந்தால் கட்டில் ஓரம் நின்று கையைப் பிடித்திருப்பார். இங்கே அடுத்த வரி எது என்ற நினைப்பிலேயே காது அடைத்துக்கொண்டது. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரெட்டிலிருந்து ஆரம்பிக்கும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். நடுவில் புகுந்து கேட்டால் வராது. நோயாளியோ நடுவில்தான் கேட்பார். தேர்வில் நோயாளியாக நடித்து எதிரே உட்காருபவருக்கும் பயப்படு, கோபப்படு என்று அவருடைய கார்டில் எழுதியிருக்கும். உங்கள் கார்டைப் படிக்க 3 நிமிடம், பேச 5 நிமிடம், இப்படி இரண்டு சுற்று. மதிப்பெண் போடுவது அவர் அல்ல, பதிவைக் கேட்கும் வேறு ஆட்கள். அவர்கள் பார்க்கும் 9 அளவுகோல்களில் 5, நோயாளியை நீங்கள் காதில் வாங்கினீர்களா, அவரிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதைப் பற்றியவை. இதை விட்டுவிட்டு நோட்டு விற்கும் பயிற்சி மையங்களை என்ன சொல்வது!

வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றவும் வேண்டாம். புரிந்தால் போதும். ஆனால் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்காதீர்கள். மாத்திரைக்கும் ‘பில்’, மருந்துக்கடை ரசீதுக்கும் ‘பில்’ என்றால் நோயாளி எதை விழுங்குவார்?

தினமும் வேறு வேறு ஆளோடு பேசுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள். புரியவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள், அதற்கு யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள். சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாக்கியத்தின் நடுவில் திருத்தாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு, முடித்த பிறகு இரண்டே இரண்டு தவறைச் சொல்லுங்கள். இருபதைச் சொன்னால் அடுத்த நாள் வாயே திறக்க மாட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் நோட்டை வாங்கி மேசைக்குள் வைத்துவிட்டு, அதே வரியை மறுபடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “ஐ’ம் சாரி… வென் ஷி டைட்?” என்றார்.

இலக்கணம் தப்பு. அன்றைக்கு நான் அதைத் திருத்தவில்லை.