அம்பா பாட்டும் 44,100 என்ற எண்ணும்

டிஜிட்டல் என்றாலே நகல் அச்சு அசலாக இருக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. ஒரே வடிவத்துக்குள் நகலெடுக்கும்வரை சரிதான். வடிவம் மாறும்போதுதான் வம்பு.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பவர்களின் அம்பா பாட்டை ஒருவர் 1990-களில் டேட் (ஒலியை எண்களாகப் பதியும் சின்ன கேசட்) நாடாவில் பதிந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கருவி நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எண்ணாக எழுதும். சிடிக்கோ 44,100. (டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில் பதிந்த காலத்தின் மிச்சம் இது: வரிக்கு 3 அளவு, 245 வரி, நொடிக்கு 60 முறை; பெருக்கிப் பாருங்கள்.) மாற்றாமல் அப்படியே சிடி வேகத்தில் ஓடவிட்டால் 60 நிமிடப் பதிவு 65 நிமிடத்தைத் தாண்டும். இரண்டு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிடுவார்.

ஆகவே 160 எண்களுக்குப் பதில் 147 எண்களைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு புள்ளிதான் பழையதோடு ஒத்துப்போகும். மற்ற 146-ஐயும் அக்கம்பக்கத்து எண்களிலிருந்து கணித்தாக வேண்டும். அதோடு 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை முன்பே வடிகட்டாவிட்டால், அது கீழே மடிந்து வந்து இல்லாத சுரமாகக் கேட்கும். நல்ல மென்பொருள் இதையெல்லாம் காதுக்குத் தெரியாமல் முடித்துவிடும். ஆனால் கிடைப்பது அசல் எண்கள் அல்ல.

சோனி 1992-இல் கொண்டுவந்த மினிடிஸ்கில், அதாவது பதியக்கூடிய சின்ன வட்டில், சிக்கல் வேறு. சிடியின் நொடிக்கு 1,411 கிலோபிட்டை அட்ராக் முறை 292 ஆகச் சுருக்கும். காது கவனிக்காது என்று கருதியதை வீசிவிடும். அதை விரித்து எம்பி3 ஆக்கினால் இன்னொரு முறை வீசல். கருவாட்டை ஊறவைத்தால் பச்சை மீன் ஆகிவிடுமா?

இவை இயற்கையான தடைகள். வேண்டுமென்றே வைத்த தடை ஒன்றும் உண்டு. ஒலியோடு சேர்ந்து போகும் ஓரிரு பிட்டுகள், ‘இது நகல், இனி நகலெடுக்காதே’ என்று அடுத்த கருவிக்குச் சொல்லும். பாட்டு கம்பெனிகளின் அச்சத்துக்காக வந்த இந்தப் பூட்டை, மைக்கில் பதிந்த சொந்தக் குரலுக்கும் வீட்டுக் கருவிகள் மாட்டின. கீழக்கரை வீட்டுக் கல்யாணப் பாட்டானாலும் நகலின் நகல் கிடையாது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

கையடக்க மினிடிஸ்க் கருவிகள் பெரும்பாலானவற்றில் டிஜிட்டல் வெளிவாயிலே இல்லை. பழைய வட்டுகளைக் கணினிக்கு ஏற்றும் வசதி 2006-இல் வந்த எம்இசட்-ஆர்எச்1 கருவியில்தான் கிடைத்தது. அது கையில் இல்லாதவர்கள் ஹெட்போன் வாயிலில் வயர் செருகிக் கணினியில் பதியலாம். அனலாக் வழியில் அந்தப் பூட்டு செல்லாது. 74 நிமிட வட்டுக்கு 74 நிமிடம் உட்கார வேண்டும், அவ்வளவுதான். பதிவதை எம்பி3 ஆக்காமல், எதையும் வீசாத வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.