'வந்தேன்' போதும், 'கேம்' போதாது

"நேற்று மதுரைக்குப் போனேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், புதிதாகக் கற்கும் தமிழ் மாணவர் பலர் 'வென்ட் டு மதுரை எஸ்டர்டே' என்று எழுதிவிடுகின்றனர். ஆசிரியர் முன்னால் ஓர் 'ஐ' சேர்த்துத் திருத்தித் தருகிறார். திருத்தம் சரியானதே. ஆனால் 'ஐ, யூ, ஹி, ஷி, இட், வி, தே' என்ற ஏழு பிரதிப்பெயர்ச் சொற்களையும் தடையின்றி ஒப்பிக்கும் பிள்ளை, வாக்கியம் எழுதும்போது மட்டும் ஏன் அவற்றை விட்டுவிடுகிறது என்ற கேள்வி வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. இந்தப் பிழை கவனக்குறைவால் நேர்வதன்று. தமிழ் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றுவதால் நேர்வது.

'போனேன்' என்ற சொல்லின் இறுதியில் உள்ள 'ஏன்' என்னும் விகுதியே போனவர் பேசுபவர்தான் என்பதைக் காட்டிவிடுகிறது. போனாய், போனான், போனாள், போனார், போனது, போனோம் என விகுதி மாற மாற ஆளும் மாறுகிறார். திணை, பால், எண், இடம் ஆகியவற்றை வினைமுற்றே சுமந்து நிற்பதால் எழுவாயை வெளிப்படச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை. அவ்வாறு மறைந்து நிற்பதை நம் இலக்கணம் தோன்றா எழுவாய் என்கிறது. ஆங்கிலத்தின் 'வென்ட்' அப்படிப்பட்ட சொல் அன்று. போனேன், போனாய், போனார்கள் ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரே வடிவம்தான். நிகழ்காலத்தில் 'ஹி, ஷி, இட்' என்பவற்றோடு வினையின் இறுதியில் ஒட்டும் 'ஸ்' ஒலியும், 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' என்னும் சில வடிவங்களும் மட்டுமே ஆளைக் காட்டும் அடையாளங்களாக அங்கே எஞ்சியுள்ளன.

ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலம் இப்படி இல்லை. பாடுவதைக் குறிக்கும் வினை அன்று நிகழ்காலத்தில் 'சிங்கெ' என்றால் நான், 'சிங்கெஸ்ட்' என்றால் நீ, 'சிங்கெத்' என்றால் அவன், 'சிங்கத்' என்றால் நாம் அல்லது அவர்கள் என இடத்துக்கேற்ப விகுதி பெற்றது. பிரதிப்பெயர்கள் அக்காலத்திலும் பெரும்பாலும் சொல்லப்பட்டன என்றாலும், அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்து விகுதிகள் மறைந்தபோது ஆளைக் காட்டும் பொறுப்பு முழுவதும் அவற்றின் மீது விழுந்தது.

விகுதி போனதால்தான் எழுவாய் கட்டாயமாயிற்று என்று இத்தோடு முடித்துவிட முடியாது என்பதற்கு நம் பக்கத்து மொழியே சான்று. மலையாள வினைகள் ஆளைக் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டன. நான் வந்தாலும் அவன் வந்தாலும் அவர்கள் வந்தாலும் 'வந்நு' என்பதுதான். ஆயினும் மலையாளிகள் சூழலால் விளங்கும் எழுவாயைத் தயங்காமல் விட்டுவிடுகின்றனர். ஆகவே, யார் என்று புரிந்தாலும் புரியாவிட்டாலும் வினைக்கு முன்னுள்ள எழுவாயிடம் காலியாக இருக்கக் கூடாது என்பது ஆங்கிலம் தனக்கென வகுத்துக்கொண்ட வாக்கிய விதி என்றே கொள்ள வேண்டும். 'கம்' என்று ஏவும்போது எழுவாய் வேண்டாம். 'அண்ட்' சேர்த்துத் தொடர்ந்து சொல்லும் செயல்களில் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. முறையாக எழுதும் பிற வாக்கியங்களில் அந்த இடம் நிரம்பியாக வேண்டும்.

இந்த விதியின் வலிமையை 'இட் இஸ் ரெயினிங்' என்ற வாக்கியத்தில் தெளிவாகக் காணலாம். அங்கே 'இட்' எந்தப் பொருளையும் சுட்டுவதில்லை. நாம் "மழை பெய்கிறது" என்று மழையையே எழுவாயாக்குகிறோம். இத்தாலியர் 'பியோவே' என்ற ஒற்றை வினையோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஆங்கிலமோ இடத்தை நிரப்புவதற்காகவே பொருளற்ற ஒரு சொல்லை அமர்த்துகிறது. "மணி ஐந்து" என்பது 'இட் இஸ் ஃபைவ்' ஆவதும் இதனால்தான். எது அந்த 'இட்' என்று கேட்கும் மாணவரிடம், அது எதுவும் அன்று, இடத்தை நிரப்பவே வந்தது என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

இதைவிடக் கடினமானது 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியம். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும் என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்பவற்றை ஆங்கிலம் 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ நோ', 'ஐ லைக்' என எழுவாயாக மாற்றிக் கேட்கிறது. 'எனக்கு' என்பதற்கு நேரான 'டு மி' எழுதும் மாணவர் வேற்றுமை உருபை அறிந்தே எழுதுகிறார். பழைய ஆங்கிலத்திலும் பசி, விருப்பம், எண்ணம் ஆகியவை ஒருவருக்கு நேர்வனவாகவே சொல்லப்பட்டன என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. "எனக்குத் தோன்றுகிறது" என்ற பொருளில் இன்றும் அகராதிகளில் காணப்படும் 'மீதிங்க்ஸ்' அந்த அமைப்பின் எச்சம். எழுவாய் இடம் கெட்டிப்பட்ட பிறகு, 'எனக்கு' என்றிருந்தவை 'நான்' ஆகிவிட்டன.

எந்தப் பிரதிப்பெயரை இடுவது என்பதில் சில சுமைகள் குறைகின்றன. நாம், நாங்கள் இரண்டும் 'வி' என்பதில் அடங்கிவிடுகின்றன. நீ, நீங்கள் இரண்டும் 'யூ' ஆகிவிடுகின்றன. இந்த 'யூ' ஒரு காலத்தில் எழுவாயே அன்று, 'உங்களை', 'உங்களுக்கு' என்ற பொருளில் வந்த செயப்படுபொருள் வடிவம்; 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'நீங்கள்' என்பதற்கு 'யீ' என்ற வேறு சொல் இருப்பதைக் காணலாம். மாறாக, 'அவர்' என்று மரியாதையோடு சொல்லிப் பழகியவர், தலைமையாசிரியர் ஆணா பெண்ணா என்று நினைத்துப் பார்த்தே 'ஹி' அல்லது 'ஷி' எழுத வேண்டியிருக்கிறது.

எழுவாயை விடக் கூடாது என்று பழகிய பின் வேறொரு பிழை தலைகாட்டும். "எங்கள் அப்பா இருக்கிறாரே, அவர்..." என்று பேசும் வழக்கில் 'மை ஃபாதர் ஹி வொர்க்ஸ் இன் எ பேங்க்' என்று எழுதிவிடுவார்கள். முறையான எழுத்தில் எழுவாயிடம் ஒன்றுதான். 'மை ஃபாதர்' அதை நிரப்பிவிட்டதால் 'ஹி' அந்த வாக்கியத்தில் நிற்க இடமில்லை, அடுத்த வாக்கியத்தின் தொடக்கத்துக்குத்தான் அது போக வேண்டும்.