பிள்ளை பெறாத பெண்ணுக்குக் காப்பர்-டி வைக்க ஏன் இத்தனை தயக்கம்?

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ கல்யாணமாகி ஆறு மாதம் ஆன ஒரு பெண், கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து மருத்துவமனைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு எழுதும் இடத்திலேயே, "எத்தினி பசங்க?" என்று கேட்பார்கள். இன்னும் இல்லை என்றதும் பல இடங்களில் வரும் பதில், "முதல்ல ஒண்ணு பெத்துக்கினு வாம்மா, அப்புறம் பாக்கலாம்." வீட்டிலோ மாமியார் தொடங்கி மாடி வீட்டுக்காரம்மா வரை, "ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வேலையில் காலூன்ற இரண்டு வருடம் வேண்டும், கடன் அடைய மூன்று வருடம் வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்த பெண்ணுக்கு மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் தயக்கத்தில் உடற்கூறு சார்ந்த உண்மை ஒரு பங்கு இருக்கிறது. மீதி, அரை நூற்றாண்டுக்கு முன் வேறொரு சாதனத்தால் பிறந்த பயம். இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பெண்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

முதலில் சாதனத்தைப் பார்ப்போம். நம் ஊரில் அதிகம் புழங்கும் காப்பர்-டி 380ஏ, 'டி' எழுத்து வடிவிலான பிளாஸ்டிக் சட்டம். அதன் தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். இரு கைகளிலும் செம்புப் பட்டை இருக்கும். செம்பின் மொத்தப் பரப்பு 380 சதுர மில்லிமீட்டர். பெயரிலுள்ள எண் அதுதான். கர்ப்பப்பைக்குள் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து அயனிகளாகப் பரவும்போது விந்தணுக்கள் நீந்தும் வலுவை இழக்கின்றன. அந்நியப் பொருள் ஒன்று உள்ளே வந்ததால் கர்ப்பப்பையின் உட்சுவரில் வெள்ளணுக்கள் கூடுவதும் விந்தணுவுக்கு எதிராகவே வேலை செய்கிறது. கருமுட்டையைச் சேரும் முன்பே அவை செயலிழந்துவிடுகின்றன. உருவான கருவைக் கலைத்துத்தான் இது வேலை செய்கிறது என்ற பேச்சு தவறு. வைத்துக்கொண்ட நூறு பெண்களில் முதல் ஆண்டில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. 10 ஆண்டு வரை வேலை செய்யும். எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பிவிடும்.

சிக்கல் வைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். கர்ப்பப்பையின் வாய் வெறும் துளை அல்ல. 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக் கால்வாய். பிள்ளை பெறாத பெண்ணுக்கு அதன் வெளிவாய் சிறு வட்டப் புள்ளியாக இருக்கும். சுகப்பிரசவம் ஆனவருக்கு அது குறுக்குக் கீறலாக விரிந்திருக்கும். பொத்தான் நுழையாத புதுச் சட்டையின் காஜாவுக்கும் ஒரு வருடம் போட்ட சட்டையின் காஜாவுக்கும் உள்ள வித்தியாசம் போல. கால்வாயின் உள்முனையில் இன்னொரு இறுக்கமான வளையம் இருக்கிறது. சாதனத்தை ஏற்றும் குழாயின் பருமன் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒருமுறைகூட விரிந்திராத அந்த வளையத்தைத் தாண்டி அது போக வேண்டும்.

அதற்கு முன்பே இரண்டு வேலை நடக்கும். கர்ப்பப்பை பெரும்பாலும் நேராக இருப்பதில்லை. முன்பக்கமோ பின்பக்கமோ வளைந்திருக்கும். வளைவை நேராக்க, டெனாகுலம் என்ற கருவியால் கர்ப்பப்பை வாயைக் கவ்வி மெல்ல இழுப்பார்கள். கூர்முனை உள்ள கருவி அது. பல பெண்களுக்கு முதல் சுருக்கென்ற வலி இங்கேதான். அடுத்து, மெல்லிய அளவுகோலை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார்கள். குறைந்தது 6 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். பிறகுதான் குழாய் போகும். குழாயைப் பின்னிழுக்க, மடங்கியிருந்த கைகள் உள்ளே விரியும். விரிந்த அகலம் 32 மில்லிமீட்டர். பிள்ளை பெறாத பலருக்குக் கர்ப்பப்பையின் உள்ளகலம் அதைவிடக் குறைவு. தசை இறுகி வலிப்பதும், சிலருக்குச் சாதனம் நழுவி இறங்குவதும், கோணலாக நிற்பதும் இதனால்தான். ஹார்மோன் சுரக்கும் வகையில் சிறிய சட்டத்தோடு சில சாதனங்கள் உலகச் சந்தையில் வந்ததும் இதை மனதில் வைத்துத்தான்.

வலிக்கு நரம்பியல் காரணம் ஒன்றும் உண்டு. கர்ப்பப்பை வாயின் உணர்வு முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலுள்ள நரம்புகள் வழியே போகிறது. கர்ப்பப்பையின் மேற்பகுதி உணர்வோ நடுமுதுகின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது. ஆகவே வாயை மட்டும் மரக்க வைத்தால் மேற்சுவரில் முட்டும்போது வரும் வலி முழுதாக அடங்காது. இன்னொன்று, கர்ப்பப்பை வாயைத் திடீரென்று இழுத்தாலோ விரித்தாலோ வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு மெதுவாகி, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்.

வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கைக்கு நடந்தது இதுதான். "கண்ணு இருட்டிக்கினு வந்துச்சுக்கா, வேர்த்து ஊத்திச்சு. பயப்படாதேன்னு அதட்டினாங்க. இதுக்கே இப்டின்னா பிரசவ வலி எப்டி தாங்குவேன்னு கேட்டாங்க" என்றாள். சாதனம் வைக்காமலே அனுப்பிவிட்டார்கள். அவள் உடம்பு காட்டியது பயமோ சொகுசோ அல்ல, அனிச்சைச் செயல். படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைத்து, துடிப்பைப் பார்த்துக்கொண்டே சற்று ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அவளை அதட்டியதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெண் உணரும் வலியை வைத்துவிடுபவர் வெகுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறார் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சாதனம் வைக்கும் முன் போடும் ஐபுப்ரோஃபென் மாத்திரை, வைக்கும் நேரத்து வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. பிறகு வரும் பிடிப்புவலிக்கே உதவும். கர்ப்பப்பை வாயை இளக்கும் என்று கொடுக்கப்படும் மிசோப்ரோஸ்டாலால் எல்லோருக்கும் பயன் இல்லை. அதுவே வயிற்றுப் பிடிப்பைக் கிளப்பிவிடும். கர்ப்பப்பை வாயைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டு மரக்க வைத்தால், பிள்ளை பெறாத பெண்களுக்கு வலி குறைகிறது என்று முறையான சோதனையில் தெரியவந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வலியைப் பற்றிப் பெண்ணிடம் முன்கூட்டியே பேச வேண்டும், லிக்னோகெய்ன் தருவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தன் வழிகாட்டுதலை விரித்தது. ஊசியும் மருந்தும் நம் ஊருக்குப் புதிதல்ல. பல் பிடுங்கும் இடத்தில் தினமும் புழங்கும் மருந்து அது.

இனி அந்தப் பழைய பயம். 1971-இல் அமெரிக்காவில் டால்கன் ஷீல்டு என்ற சாதனம் சந்தைக்கு வந்தது. கர்ப்பப்பை வாய்க்கு வெளியே தொங்கும் அதன் நூல் ஒற்றை இழை அல்ல. பல இழைகளை ஓர் உறைக்குள் அடைத்தது. கிருமிகள் அந்த இழைகளின் இடுக்கு வழியே மேலேறிக் கர்ப்பப்பைக்குள் புகுந்தன. கடுமையான தொற்றும் மரணங்களும் நேர்ந்தபின் 1974-இல் விற்பனை நின்றது. ஆனால் கெட்ட பெயர் எல்லாச் சாதனங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. கருக்குழாய் அடைத்துப்போகும், இன்னும் பிள்ளை பெறாதவளுக்கு இதை வைக்கலாமா என்ற எச்சரிக்கை ஒரு தலைமுறை மருத்துவர்களின் மனதில் பதிந்துவிட்டது.

அதை நேராகச் சோதித்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. மெக்சிகோ சிட்டியில் 1,895 பெண்களை ஒப்பிட்டார்கள். முன்பு காப்பர் சாதனம் வைத்திருந்ததற்கும் கருக்குழாய் அடைப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. கிளமிடியா என்ற பாலுறவுத் தொற்று வந்துபோன அடையாளம் ரத்தத்தில் இருந்தவர்களுக்கே அடைப்பு கூடுதலாக இருந்தது. வைத்தபின் முதல் மூன்று வாரத்தில் மட்டும் தொற்று வாய்ப்பு சற்று உயர்கிறது. ஏற்கெனவே கர்ப்பப்பை வாயில் இருக்கும் கிருமி கருவியோடு உள்ளே போவதே காரணம். அதனால் வெள்ளைப்படுதலில் சீழ், நாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் முதலில் வைத்தியம், பிறகே சாதனம். பார்க்க வேண்டியது தொற்றைத்தான். பிள்ளைகளின் எண்ணிக்கையை அல்ல. உலகச் சுகாதார நிறுவனமும் பிள்ளை பெறாதவர்களை இரண்டாம் வகையில்தான் வைத்திருக்கிறது. ஆபத்தைவிடப் பயன் கூடுதல், வைக்கலாம் என்பதே அதன் பொருள்.

அப்படியும் தயக்கம் போகவில்லை என்றால், பயிற்சி எங்கே கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காப்பர்-டி பிரசவத்தோடு பிணைந்துவிட்டது. நச்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ வைப்பார்கள். அப்போது கர்ப்பப்பை வாய் அகலத் திறந்திருக்கும். அந்தக் கைக்குத் திறக்காத வாய் பழக்கமில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். காப்பர்-டி வைத்தவர்கள் 2.1 சதவீதம். பிள்ளைகளை முடித்துக்கொள்பவர்களுக்காகவே கட்டப்பட்ட அமைப்பில், இன்னும் தொடங்காதவளுக்கு வரிசையே இல்லை.

ஆகவே கேட்கப் போகிறவர்கள் இப்படிக் கேட்கலாம்: பிரசவமாகாதவர்களுக்கு வைத்துப் பழகியவர் யார்? மரக்கும் ஊசி போடுவீர்களா? வளைவு அதிகமென்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வைக்க முடியுமா? மாதவிலக்கு நாளில்தான் வர வேண்டும் என்பதில்லை, கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் எந்த நாளும் சரிதான். நடுவில் "நிறுத்துங்க" என்றால் நிறுத்த வேண்டும். வீட்டுக்காரரின் கையெழுத்து கேட்டால், வயதுவந்த பெண்ணின் உடம்புக்கு அவள் சம்மதமே தேவை, பெற்ற தாயின் சம்மதம்கூட அதற்கு ஈடாகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை நினைவில் வையுங்கள்.

எல்லோருக்கும் காப்பர்-டி பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. முதல் சில மாதம் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடும். நம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதால், வைக்கும் முன் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது நல்லது. குறைவாக இருந்தால், உதிரப்போக்கைக் குறைக்கும் ஹார்மோன் சாதனம் பற்றிக் கேட்கலாம், விலை அதிகம். வைத்தபின் ஒவ்வொரு மாதவிலக்கு முடிந்ததும் நூல் தட்டுப்படுகிறதா என்று விரலால் பாருங்கள். நூல் தட்டுப்படாவிட்டாலோ, நீண்டதுபோல் இருந்தாலோ, காய்ச்சலோடு அடிவயிறு வலித்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். நூல் தட்டுப்படாத நாள்களில் ஆணுறை கட்டாயம்.