இழுத்தாலும் ஊதினாலும் ஒலிக்கும் ஷோ

ஜப்பானிய இசையமைப்பாளர் தோஷியோ ஹோசோகாவா 1955இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். இசையமைப்பு கற்க 1976இல் மேற்கு பெர்லினுக்குப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் இசாங் யுன் என்ற கொரியர். பிறகு 1983 முதல் 1986 வரை ஃப்ரைபுர்கில் கிளாவுஸ் ஹூபரிடம் படித்தார். தன் ஊர் இசையைத் தேடிப் போ என்று தூண்டியவர் இந்த ஹூபர்.

ஒரு சுரம் பென்சில் கோடு அல்ல, தூரிகைக் கோடு என்பது யுன் கற்றுத்தந்த பாடம். ஒரே கோட்டுக்குள் மை தடிக்கும், வளையும், வறண்டு சிதறும். ஹோசோகாவா இதை இன்னும் பின்னால் தள்ளினார். எழுதுபவரின் கை தாளைத் தொடும் முன்பே காற்றில் அசையத் தொடங்கிவிடுகிறது. ஆகவே சுரத்துக்கு முந்தைய மௌனமும் கோட்டின் பகுதிதான். புல்லாங்குழலில் முதலில் வெறும் காற்றின் இரைச்சல், அதிலிருந்து மெல்லத் திரளும் சுரம், பின்பு மீண்டும் இரைச்சல். வயலினில் அதே சுரத்தைப் பிடித்தபடி வில்லைத் தந்திகளைத் தாங்கும் குதிரைப் பக்கம் நகர்த்தினால், சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்கள் தூக்கலாகிக் கண்ணாடி போல் கீறும். விரற்பலகை மேல் கொண்டுபோனால் அவை அடங்கி, ஒலி மங்கும். இடைவெளி வந்ததும் வில்லை மடியில் இறக்கிவிட்டால் கோடு அறுந்துவிடும். இவர் இசையை வாசிப்பவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான்.

இந்த மூச்சுக் கணக்குக்கு ஊற்று ஷோ என்ற வாத்தியம். ககாகு எனும் ஜப்பானிய அரசவை இசையில் வருவது. 17 மூங்கில் குழல்கள். அவற்றில் 2 ஊமை. மற்ற 15இன் அடியிலும் ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற உலோக நாக்கு உண்டு. சாதாரணக் குழலுக்கு நேர்மாறாக, இதில் துளையை மூடினால்தான் ஒலி. துளை திறந்திருக்கும்போது குழலின் ஒத்ததிர்வு நாக்கோடு பொருந்தாது, நாக்கும் அசையாது. மூச்சை இழுத்தாலும் ஊதினாலும் ஒலிப்பதால், ஐந்தாறு சுரங்கள் கொண்ட கொத்து அறுபடாமல் பெருகிச் சிறுத்துக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்தைத்தான் ஹோசோகாவா தன் இசைக்குத் தாய் என்கிறார். மற்ற வாத்தியங்கள் அதன் மேல் தூரிகை வீசுகின்றன.

தொல்லை ஈரம். மூச்சின் ஆவி குளிர்ந்த நாக்கில் நீராகப் படிந்தால் எடை கூடும். சுருதி இறங்கும், சில சமயம் குழலே அடைத்துக்கொள்ளும். அதனால் வாசிக்கும் முன்பும் இடையிலும் வாத்தியத்தைச் சூடு காட்டித் திருப்பித் திருப்பி உலர்த்துவார்கள். முன்பு கரியடுப்பு, இப்போது மின் அடுப்பு. சுருதியை வேண்டுமென்றே இறக்கவும் இதே எடைதான் உதவுகிறது: நாக்கு நுனியில் துளி மெழுகு.

இன்னொரு சிக்கல், சுருதி சேர்க்க அளவுகோலான ‘ஏ’ சுரம் ககாகுவில் 430 ஹெர்ட்ஸ், மேற்கத்திய மேடையில் 440 அல்லது அதற்குச் சற்று மேல். 440 என்றே வைத்தாலும் வித்தியாசம் ஏறக்குறைய 40 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 1993இல் ஷோவுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாக எழுதிய ‘லேண்ட்ஸ்கேப் 5’ போன்ற படைப்பில் அந்த இடைவெளி உடனே காதில் உறுத்தும். வயலின்காரர் விரலை நகர்த்திச் சமாளிக்கலாம், ஷோவுக்கு அந்த வசதி இல்லை. நாக்குகளை முன்கூட்டியே மேடைச் சுருதிக்குச் சேர்த்துவிட்டுத்தான் ஒத்திகைக்கு வர வேண்டும்.