கள்ளச் சீட்டும் செப்புத் தகடும்: ஜோசப் லைசெட்டின் கதை

1815-ஆம் ஆண்டு, பிரிட்டன் தன் கைதிகளை நாடுகடத்தி வந்த சிட்னியில், ஐந்து ஷில்லிங் சீட்டுகள் திடீரெனப் பெருகின. அஞ்சல் அதிகாரியின் பெயரில் எழுதப்பட்டவை போலத் தோன்றிய அவை நூற்றுக்கணக்கில் கைமாறிய பிறகுதான் போலி என்று தெரியவந்தது. விசாரணை ஜோசப் லைசெட் என்ற கைதியிடம் போய் முடிந்தது. அவரிடம் மிச்சச் சீட்டுகள் சிலவும் சிறிய செப்புத்தகட்டு அச்சுப்பொறி ஒன்றும் சிக்கின.

அந்தப் பொறி வேலை செய்யும் விதம் எளிது. மெருகேற்றிய செப்புத் தகட்டில் கூரிய உளியால் எழுத்துகளை இடவலம் மாற்றிக் கீற வேண்டும். ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி அதில் கரியைக் குழைத்த கெட்டி மையைத் தகடு முழுவதும் பூசி, துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்தால், மேற்பரப்பு பளிச்சென்று ஆகிவிடும். கீறல்களுக்குள் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் விரித்து, கம்பளியால் மூடி, இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்தும்போது, இளகிய தாளின் நார்கள் கீறல்களுக்குள் புகுந்து மையை உறிஞ்சிக்கொண்டு வெளிவருகின்றன. ஆகவே அச்சான கோடு தாளிலிருந்து சற்றே மேலெழுந்து நிற்கும்; விரல்நுனியால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

உண்மைப் பணத்தாளும் இதே முறையில்தான் அச்சானது என்பதே சிக்கலின் வேர். 1797-இல் தாளுக்கு ஈடாகத் தங்கம் கொடுப்பதை நிறுத்திய இங்கிலாந்து வங்கி, ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு தாள்களை வெளியிட்டது. ஒரு பக்கம் கறுப்பு மை, மறுபக்கம் வெற்றுத் தாள். தேர்ந்த செதுக்குக் கலைஞர் எவராலும் அவற்றைப் படியெடுக்க முடிந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீரோட்டக் குறி கொண்ட தாளைச் செய்வதுதான் கடினம். தயாரிப்பைக் கடினமாக்குவதற்குப் பதிலாகச் சட்டம் தூக்குக்கயிற்றை நம்பியது. 1821 வரை 300-க்கும் மேற்பட்டோர் கள்ளப் பணத்தாள் குற்றங்களுக்காகத் தூக்கிலிடப்பட்டனர்.

ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஓவியரான லைசெட், 1811 ஆகஸ்டில் ஷ்ரூஸ்பரி நீதிமன்றத்தில் போலி ஆவணக் குற்றத்துக்கு 14 ஆண்டு நாடுகடத்தல் பெற்றார். அவரை ஏற்றி வந்த ஜெனரல் ஹீவிட் கப்பலில் 300 கைதிகள் இருந்தனர். 1814 பிப்ரவரியில் சிட்னியை அடைவதற்குள் 34 பேர் இறந்தனர். உயிரோடு இறங்கியவர்களில், ஒப்பந்தப் பத்திரத்தைத் திருத்தித் தண்டனை பெற்ற கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வேயும் ஒருவர். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் தாளில் அவர் முகமே அச்சானது.

லைசெட்டுக்கு வந்தவுடனேயே வெளியில் வேலை செய்யும் அனுமதிச் சீட்டு கிடைத்தது. அதை எதற்குப் பயன்படுத்தினார் என்பதைப் பார்த்தோம். சூழலும் அவருக்கு உதவியது. நாணயத் தட்டுப்பாட்டால் தனியார் எழுதிய, நம்மூர்ப் புரோநோட்டு போன்ற சீட்டுகளே அங்கே பணமாகப் புழங்கின. ஆளுநர் மக்குவாரி தருவித்த 40,000 ஸ்பானிய வெள்ளி டாலர்களின் நடுவே துளையிட்டு உள்ளூர் நாணயமாக்கியவர் வில்லியம் ஹென்ஷல். அவரும் கள்ள நாணயக் குற்றத்துக்காக அனுப்பப்பட்டவரே. வேலை தெரிந்த ஆள் வேறு யார் இருந்தார்கள்?

இரண்டாம் முறை பிடிபட்ட லைசெட், நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த நியூகாசில் தண்டனைக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். அங்கே தளபதியாக இருந்த ஜேம்ஸ் வாலிஸ் ஓவியப் பிரியர். கைதியின் கைக்குத் தூரிகை வந்தது. தேவாலயத்துக்கு வரைபடம் தயாரித்தார், நிலக்காட்சிகள் தீட்டினார். 1821-இல் முழு மன்னிப்புப் பெற்று மறு ஆண்டு இங்கிலாந்து திரும்பினார்.

லண்டனில் 1824 முதல் அவர் வெளியிட்ட ஆஸ்திரேலியக் காட்சித் தொகுப்புக்கும் செப்புத் தகடே கைகொடுத்தது. இம்முறை கோடு மட்டும் போதாது. வானமும் நீரும் நிழலாக விழ வேண்டும். தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடேற்றி ஒட்டவைத்து, அமிலத்தில் நனைத்தால், துகள்களுக்கிடையே செம்பு அரிக்கப்பட்டு நுண்குழிகள் உண்டாகும். அமிலத்தில் அதிக நேரம் இருந்த பகுதி ஆழமாகி அதிக மை பிடித்துக் கருமையாகும். அப்படி உருவான படங்களின் கீழே, வரைந்து செய்தவர் ஜே. லைசெட் என்று அவருடைய சொந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.