நிஜாம்-இ-ஜதீத்: சொல்லும் படையும்

நிஜாம் என்றதும் நமக்கு ஐதராபாத்தான் நினைவுக்கு வரும். 'நிஜாம்-இ-ஜதீத்' என்ற படைப் பெயரில் வருவதும் அதே சொல்தான். அரபு மொழியில் 'நழ்ம்' என்றால் முத்துகளை நூலில் கோப்பது. செய்யுளுக்கும் அதே பெயர், நம்முடைய 'கோவை' இலக்கியம் மாதிரி. அந்த வேரில் பிறந்த 'நிஜாம்' ஒழுங்கைக் குறிக்கும். ஐதராபாத் ஆட்சியாளர்களின் 'நிஜாம்-உல்-முல்க்' பட்டத்துக்கு நாட்டை ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். 'ஜதீத்' என்றால் புதிய.

இரண்டையும் சேர்த்துப் படைக்குப் பெயராக்கியவர் துருக்கி சுல்தான் மூன்றாம் செலிம். 1790களில் ஐரோப்பியப் பயிற்சியோடு அவர் தொடங்கிய படைக்கு இதுதான் பெயர். சுல்தானின் பழைய நிரந்தரப் படையான ஜானிசரிகள் கலகம் செய்து 1807இல் அவரையே அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அந்தப் பெயரைப் பாரசீகத்துக்கு, அதாவது ஈரானுக்கு, கொண்டுவந்தவர் அப்போது அதை ஆண்ட கஜார் வம்சத்துப் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா (1789–1833). மன்னர் ஃபத் அலி ஷாவின் மகனான இவர், தப்ரீஸ் நகரில் இருந்துகொண்டு பாரசீகத்தின் வடமேற்கிலுள்ள அஜர்பைஜான் மாகாணத்தை ஆண்டார். 1804இல் ரஷ்யாவோடு போர் மூண்டது. குலத்தலைவர்கள் திரட்டி வந்த குதிரைப்படை வேகமாகப் பாயும், அதே வேகத்தில் கலையும். வரிசை குலையாமல் நின்று சுடும் ரஷ்யக் காலாட்படையிடம் அது எடுபடவில்லை. சரி, நாமும் அப்படியே பழகுவோம் என்று அப்பாஸ் மிர்சா முடிவெடுத்தார்.

ரஷ்யப் படையிலிருந்து ஓடிவந்தவர்கள்தான் முதல் ஆசிரியர்கள். பிரான்ஸோடு செய்த 1807 ஃபின்கென்ஸ்டைன் உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சு அதிகாரிகள் வந்தார்கள். ஆனால் அதே ஆண்டு நெப்போலியன் ரஷ்யாவோடு சமாதானம் செய்துகொண்டதால் அந்த உறவு நிலைக்கவில்லை. அப்புறம் ஆங்கிலேயர் முறை. பீரங்கிப் பயிற்சி தந்த ஹென்றி லிண்ட்சே, ஆறரை அடியைத் தாண்டிய உயரக்காரர், நம் மதராஸ் குதிரைப் பீரங்கிப் படையிலிருந்து போனவர்.

உள்ளூரில் கேலிக்குக் குறைவில்லை. இளவரசர் காஃபிர்களைப் பின்பற்றுகிறார் என்றார்கள். அவரே சிப்பாய் உடை அணிந்து துப்பாக்கி பிடித்துப் பழகிக் காட்டினார். அணிவகுத்து நின்று போரிடுவோரைப் புகழும் குர்ஆன் வசனமும் வாதத்துக்குத் துணைவந்தது. 1811இலும் 1815இலும் மாணவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். தப்ரீஸில் அச்சகமும் வந்தது.

ஆனால் 1812இல் அஸ்லாந்தூஸில் ரஷ்யர்களிடம் படை சிதறியது. அடுத்த ஆண்டு குலிஸ்தான் உடன்படிக்கையில் காக்கேசிய நிலங்கள் பறிபோயின. 1821இல் துருக்கியரோடு மூண்ட போரில் வெற்றி கிடைத்தது உண்மை. ஆனால் ரஷ்யாவோடு நடந்த இரண்டாம் போர் 1828இல் துருக்மென்சாய் உடன்படிக்கையில் முடிந்தது: எரிவானும் நக்சிவானும் போயின, 2 கோடி ரூபிள் இழப்பீடு வேறு. பயிற்சியைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஷாவின் கஜானா இறுக்கத்தை வைத்துக்கொண்டு யாரால்தான் ஒரு படையை நடத்தியிருக்க முடியும்?

நிஜாம்-இ-ஜதீத் என்பதைத் தமிழில் 'புதிய ஒழுங்கு' என்று எழுதினால் உலக அரசியல் கட்டுரை வாடை அடிக்கிறது. படையைச் சொல்லும்போது 'புதுமுறைப் படை' என்பதே பொருந்தும். சீர்திருத்தங்கள் முழுவதையும் சுட்ட வேண்டுமானால் 'புதிய முறைமை' என்று எழுதலாம். இன்றைய பாரசீக மொழியில் 'ஜதீத்' உதிர்ந்து, 'நிஜாமி' என்றாலே ராணுவம் சார்ந்தது என்று ஆகிவிட்டது.