கையால் தள்ளிய வரிகள்: பீமர் ஸ்லைடுகளில் எழுத்தை ஒழுங்கு செய்வது பற்றி

ஆய்வேடுகளையும் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் கட்டளைகளை எழுதி வேலை வாங்கும் லேடெக் மென்பொருளில் பக்கம் கட்டிக் கொடுப்பது என் தொழில். ஆய்வேட்டு வேலை முடிந்த சில மாதங்களில் அதே ஆய்வாளர்கள் வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்காக, லேடெக்கின் ஸ்லைடு வகுப்பான பீமரில் செய்த ஸ்லைடுகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் வருவார்கள். ஆய்வேட்டில் அட்டவணைக் கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் பொறுக்காதவர்கள், ஸ்லைடு என்று வந்துவிட்டால் கணினித் திரையில் பார்க்க நேராக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கண்ணளவில் நேராக்கியது எப்போது, எதனால் குலைகிறது என்பதை என் மேசைக்கு வந்த கோப்புகளைக் கொண்டு சொல்கிறேன். கட்டளைகளின் பெயர்களை வாய்விட்டுச் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை பின்சாய்கோட்டோடு வரும் என்பது லேடெக் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஒரு பொறியியல் ஆய்வு மாணவர் வைவாவுக்கு முந்தைய நாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். அரங்கில் இருப்பது அகலத் திரை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோப்பின் முதல் வரியில் 16:9 விகிதத்துக்கான விருப்பத்தைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தவர், "சார், எல்லாப் படமும் இடது பக்கமா ஒதுங்கிடுச்சு, கீழ் வரிகளைக் காணோம்" என்றார். கோப்பை அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்லைடிலும் பக்கவாட்டில் இடம் விடும் எச்ஸ்பேஸ், மேல்கீழாக இடம் விடும் விஸ்பேஸ், வரி முறிக்கும் இரட்டைப் பின்சாய்கோடு ஆகிய மூன்றையும் வைத்தே எழுத்தையும் படத்தையும் அதனதன் இடத்துக்கு நகர்த்தியிருந்தார்.

அவருக்கு என்ன நடந்தது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். பீமர் எதுவும் கேட்கப்படாதபோது தரும் ஸ்லைடு 128 மில்லிமீட்டர் அகலமும் 96 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இரு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஓரம் போக எழுத்துக்கு 108 மில்லிமீட்டர் மிஞ்சும். அவர் ஒரு படத்தை 48 மில்லிமீட்டர் அகலத்தில் வைத்து, முன்னால் மூன்று சென்டிமீட்டர் எச்ஸ்பேஸ் கொடுத்திருந்தார். இடப்பக்கம் 30, படம் 48, வலப்பக்கம் 30, கச்சிதமான நடு. 16:9 ஸ்லைடோ 160 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. எழுத்துக்கான அகலம் 140 ஆகிறது. இடப்பக்கத்து 30 அப்படியே நிற்க, வலப்பக்கம் 62 ஆகிவிடுகிறது. உயரத்தில் 6 மில்லிமீட்டர் குறைந்ததால், விஸ்பேஸ் கொடுத்து அடிவரை தள்ளிவிடப்பட்ட வரிகள் ஸ்லைடின் கீழ் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டன. மென்பொருள் எந்தத் தவறும் செய்யவில்லை. 'நடுவில் வை' என்று அதனிடம் யாரும் சொல்லவே இல்லை, 'மூன்று சென்டிமீட்டர் தள்ளு' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இந்த வேறுபாட்டைத்தான் நான் வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதற்கு எது நேராக நிற்க வேண்டும் என்ற உறவைக் கோப்பில் எழுதினால் அகலமோ எழுத்துருவோ ஸ்லைடின் தோற்ற வடிவமான தீமோ மாறும்போது உறவு காப்பாற்றப்படும். தூரத்தை எழுதினால் தூரம் மட்டுமே காப்பாற்றப்படும். டில் டான்டாவ் 2003இல் தம்முடைய முனைவர் பட்ட வைவாவுக்கான ஸ்லைடுகளைச் செய்யவே பீமரை முதலில் எழுதினார் என்பதால், நம் மாணவர்களின் தேவைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது.

நடுவாக்குவதற்கே வருகிறேன். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சென்டர் என்ற சூழல் தனக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடைவெளியைச் சேர்த்துக்கொள்ளும். சென்டரிங் என்ற கட்டளை சேர்க்காது. ஸ்லைடில் இடம் ஏற்கெனவே நெருக்கடி என்பதால் படத்துக்குச் சென்டரிங் போதும். சென்டர் சூழலைப் போட்டுவிட்டு, அது கொண்டுவந்த இடைவெளியைக் கழிக்க அடுத்த வரியில் எதிர்மறை விஸ்பேஸ் கொடுத்திருக்கும் கோப்புகள் மாதத்துக்கு இரண்டாவது வருகின்றன.

படம் ஒரு பக்கம், விளக்கம் ஒரு பக்கம் என்று இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கும் ஸ்லைடுதான் அதிகத் தொல்லை கொடுப்பது. சும்மா விட்டால் இரு நெடுவரிசைகளும் ஒன்றின் நடு உயரம் மற்றதன் நடு உயரத்தோடு பொருந்துமாறு நிற்கும். உயரமான படத்தின் பக்கத்தில் இரண்டே வரி விளக்கம் பாதியில் தொங்குவது பலருக்குப் பிடிப்பதில்லை. மேல் விளிம்பில் சேர்க்கலாம் என்று ஆங்கிலச் சிறிய டி (t) என்ற விருப்பத்தைக் கொடுப்பார்கள். உடனே விளக்கம் படத்தின் அடிப்பாகத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பீமரில் பிழை என்று அந்த இடத்தில் முடிவுகட்டி, எதிர்மறை விஸ்பேஸைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

உண்மையில் சிறிய டி செய்வது ஒரு நெடுவரிசையின் முதல் வரியின் அடிக்கோட்டை, அதாவது எழுத்துகள் நிற்கும் கோட்டை, மற்றதன் முதல் வரியின் அடிக்கோட்டோடு பொருத்துவது. லேடெக்குக்குப் படமும் ஓர் எழுத்தைப் போலத்தான். மிக உயரமான ஓர் எழுத்து, அதன் பாதம் வரியின் அடிக்கோட்டில் நிற்கிறது. ஆகவே படத்தின் பாதமும் விளக்கத்தின் முதல் வரியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. பெரிய டி (T) என்று மாற்றினால் அடிக்கோடுகளுக்குப் பதிலாக முதல் வரிகளின் தலைப்பகுதிகள் பொருந்தும். படத்தின் மேல் விளிம்பும் எழுத்தின் மேல் விளிம்பும் சேர்ந்துவிடும். பீமரின் கையேட்டிலேயே இந்தக் குறிப்பு இருக்கிறது, ஆனால் அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. அதோடு ஒன்லிடெக்ஸ்ட்விட்த் என்ற விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் இடது நெடுவரிசையின் ஓரம் அதற்கு மேலே இருக்கும் சாதாரண வரியின் ஓரத்தோடு பொருந்தாமல் சற்றே விலகி நிற்கும். கணினியில் கண்ணுக்குத் தப்பும் இந்த விலகல் அரங்கில் தப்பாது. 160 மில்லிமீட்டர் ஸ்லைடை இரண்டு மீட்டர் அகலத் திரையில் காட்டும்போது எல்லாம் பன்னிரண்டரை மடங்காகிறது, 4 மில்லிமீட்டர் பிசகு அங்கே 5 சென்டிமீட்டர்.

அடுத்தது, என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. ஆய்வேட்டில் இரு ஓரமும் கத்தரித்தாற்போல் நேராக வந்த வரிகள் ஸ்லைடில் ஏன் வலப்பக்கம் மேடுபள்ளமாக நிற்கின்றன, அதையும் ஜஸ்டிஃபை செய்து தாருங்கள் என்பார்கள். கைடு சொன்னார் என்றும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். பீமர் இதை வேண்டுமென்றேதான் செய்கிறது, அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது.

லேடெக்குக்கு அடித்தளமான டெக் மென்பொருள் வரிகளை முறிக்கும் விதத்தை டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். ஒவ்வொரு வரியாகப் பார்த்து முறிக்காமல் பத்தி முழுவதையும் எடுத்துக்கொண்டு, எங்கெங்கே முறித்தால் சொற்களுக்கு இடையிலான வெளி எல்லா வரிகளிலும் கூடியவரை சீராக இருக்கும் என்று தேடுவதே அந்த முறையின் சிறப்பு. அதற்குத் தேடுவதற்கு இடம் வேண்டும்: வரிக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்களும் பத்திக்குப் பல வரிகளும் இருந்தால் மூன்றாம் வரியில் வரக்கூடிய அசிங்கத்தை முதல் வரியிலேயே சரிக்கட்டிவிடும். ஸ்லைடில் இருப்பதோ இரண்டு வரிப் பத்தி, அதுவும் பல நேரம் பாதி அகல நெடுவரிசைக்குள். அங்கே தேர்ந்தெடுக்க அதனிடம் ஒன்றுமே இல்லை.

தமிழில் ஸ்லைடு செய்பவர்கள் இதைக் கூடுதலாகவே உணர்வார்கள். 67 மில்லிமீட்டர் நெடுவரிசையில் 'நீர்த்தேக்கங்களின் கொள்ளளவுக் கணக்கீட்டில் ஏற்படும் வேறுபாடுகள்' என்று எழுதிப் பாருங்கள். வேற்றுமை உருபும் சாரியையும் ஒட்டிக்கொண்டு சொற்கள் நீளமாவதால் ஒரு வரியில் மூன்று சொற்களுக்கு மேல் பெரும்பாலும் அடங்காது. மூன்று சொற்களுக்கு நடுவே இருப்பவை இரண்டே இடைவெளிகள். வரி நிரம்ப 12 மில்லிமீட்டர் குறைந்தால் ஒவ்வோர் இடைவெளியும் 6 மில்லிமீட்டர் விரிய வேண்டும், நம் இரண்டு மீட்டர் திரையில் ஏழரை சென்டிமீட்டர். பின்வரிசையில் இருப்பவருக்கு அது ஒரு வாக்கியமாகத் தெரியாது, மூன்று தனித்தனிச் சொற்கள் மிதப்பதாகத்தான் தெரியும். பார்வைக் குறைபாடும் வாசிப்புச் சிரமமும் உள்ளவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வான வெளி இன்னும் கடினம். 2008 டிசம்பரில் வெளிவந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் 2.0, தன் மிக உயர்ந்த நிலையில், எழுத்தை இரு ஓரமும் நேராக்காமல் தருவதற்கு வழி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அது வலைப்பக்கங்களுக்கு எழுதப்பட்ட நெறி என்றாலும் திரையில் படிப்பவரின் கண் ஒன்றுதானே.

இத்தனையும் சொன்ன பிறகும், ஒரு மேற்கோளோ வரையறையோ முழு அகலத்தில் நாலைந்து வரி வருகிறது, அதை மட்டும் நேராக்க வேண்டும் என்றால் நான் மறுப்பதில்லை. வரி ஒழுங்குக்கான கூடுதல் தொகுப்பான ராக்டுடுஈயை ஏற்றிக்கொண்டு ஜஸ்டிஃபையிங் என்று எழுதினால் போதும். ஆனால் ஸ்லைடின் தலையில் ஒருமுறை எழுதிவிட்டு நெடுவரிசைக்குள் வேலை செய்யவில்லையே என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு நெடுவரிசையும் திறக்கும்போதே இடப்பக்க ஒழுங்கைத் தானாகப் போட்டுக்கொள்வதால், கட்டளையை அதற்குள்ளே மறுபடியும் எழுத வேண்டும். வலப்பக்க மேடுபள்ளம்தான் உறுத்துகிறது என்பவர்களுக்கு அதே தொகுப்பில் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. இடப்பக்கத்தை மட்டும் நேராக்கும் லேடெக்கின் வழக்கமான ராக்ட்ரைட் கட்டளை வரியின் முடிவில் எவ்வளவு வெளியையும் விட்டுவிடும் என்பதால் சொல்லைப் பிரிக்கவே முயலாது. இந்தத் தொகுப்பில் பெரிய எழுத்தில் தொடங்கும் ராக்ட்ரைட் அந்த வெளிக்கு ஓர் அளவு வைத்திருப்பதால் தேவையான இடத்தில் சொல்லைப் பிரித்து, மேடுபள்ளத்தை அடக்கிவிடும். ஆங்கில ஸ்லைடுகளுக்கு நான் பெரும்பாலும் இதையே போட்டுக் கொடுக்கிறேன்.

ஒரே ஸ்லைடில் நேராக இருப்பது அடுத்தடுத்துப் புரட்டும்போது குதிப்பது இன்னொரு வகைக் குறை. பீமர் உள்ளடக்கத்தை உயரவாக்கில் நடுவில் வைப்பதால், மூன்று வரி உள்ள ஸ்லைடின் முதல் வரி ஓர் இடத்திலும் எட்டு வரி உள்ளதன் முதல் வரி வேறோர் இடத்திலும் தொடங்கும். ஆவண வகுப்பின் விருப்பங்களில் சிறிய டி என்று சேர்த்துவிட்டால் எல்லாம் மேலிருந்தே தொடங்கும். படிப்படியாக வரிகளைக் காட்டும்போது ஒன்லி கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால், காட்டாத வரிக்கு இடமே ஒதுக்கப்படாது; அது வரும்போது மற்றவை நகரும். அன்கவர் இடத்தை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் ஒன்று போய் இன்னொன்று வர வேண்டுமானால் ஓவர்லேஏரியா சூழலுக்கு உயரத்தைச் சொல்லிவிட்டு ஒன்லியை அதற்குள் எழுதலாம். சமன்பாடுகளைச் சமக்குறிக்கு நேராக அடுக்கும் அலைன் சூழலுக்குள், மிச்சத்தை அடுத்த சொடுக்கு வரை நிறுத்திவைக்கும் பாஸ் கட்டளை வேலை செய்யாது. அந்தச் சூழல்கள் பொல்லாத வேலைகள் செய்கின்றன என்று கையேடே அலுத்துக்கொள்கிறது, அங்கேயும் அன்கவர்தான். அட்டவணையில் 7.25, 12.5, 104 போன்ற எண்களை நடுவாக்காமல், எஸ்ஐயூனிட்எக்ஸ் தொகுப்பின் எஸ் வகை நெடுவரிசையில் போட்டால் தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும்.

அன்று மாலை அந்த மாணவரின் கோப்பில் நான் முதலில் செய்தது எச்ஸ்பேஸ், விஸ்பேஸ் எல்லாவற்றையும் தேடி நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்ததுதான். பாதிக்கு மேற்பட்ட ஸ்லைடுகள் அப்படியே சரியாகிவிட்டன. ஒன்றைச் சரிசெய்யப் போட்ட தள்ளல் இன்னொன்றைக் குலைக்க, அதற்கு மேல் இன்னொரு தள்ளல் என்று சேர்ந்தவையே அவற்றில் அதிகம். மிச்சத்துக்குச் சென்டரிங்கும் பெரிய டியும் போதுமானதாக இருந்தன.

கடைசியாக நின்றது வலது கீழ் மூலையில் இருந்த பல்கலைக்கழக முத்திரை. அதைப் பக்கத்தின் தென்கிழக்கு முனையோடு, படம் வரைவதற்கான டிக்ஸ் தொகுப்பின் வழியாகக் கட்டிவிட்டேன். இனி எந்த விகிதத்துக்குப் போனாலும் அது மூலையை விட்டு நகராது. அந்த முனை எங்கே இருக்கிறது என்பதை லேடெக் முதல் ஓட்டத்தில் குறித்துவைத்துக்கொண்டு இரண்டாவது ஓட்டத்தில்தான் பயன்படுத்தும் என்பதால், இரண்டு முறை கம்பைல் செய்ய வேண்டும் என்று அவரிடம் எழுதியும் அனுப்பினேன். முதல் ஓட்டம் முடிந்ததும் முத்திரை வேறெங்கோ நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் மறுபடியும் எச்ஸ்பேஸைத் தேடிப் போய்விடுவார் என்பதுதான் என் பயமாக இருந்தது.